டெனிம் களிசானை வெட்டிப் பை தைக்கலாமா?

டச்சுக்குடாக்காரன்:
திருகோணமலை உப்புவெளியில் ஒரு கடையில் தோள்பை ஒன்று பார்த்தேன். பழைய டெனிமில் தைத்ததாம், 3,500 ரூபா. புரட்டினால் உள்ளே புதுப் பொலியெஸ்டர் துணி, புது சிப். தொங்கிய அட்டையில் ‘சூழலைக் காக்கும் பை’. துணியில் ஒரு கிழிசலும் இல்லை. போடக்கூடிய உடுப்பை வெட்டி வெள்ளைக்காரருக்கு விற்பது ஏமாற்று என்பேன்.

தையல்மெசின்:
அண்ணை, அந்தக் கடைக்குத் தைப்பது நானில்லை. ஆனால் ஆறு வருசமாக எனக்கும் இதே வேலைதான். களிசானை அவிழ்க்கவே முக்கால் மணித்தியாலம் போகும். வெளிப்பக்கத் தையல் சுகமாகப் பிரியும். உள்தொடைத் தையல் மடித்து இரட்டையாக அடித்தது, அதை வெட்டி எறிவதுதான் புத்தி. வெளித்தையலைப் பிரித்தால் உள்ளே வெயில் படாத கருநீலம் ஒரு விரல் அகலத்துக்கு இருக்கும். அதைத்தான் பையின் வாய்க்கு வைப்பேன். தையல்கள் சந்திக்கிற இடத்தைச் சுத்தியலால் தட்டிவிட்டு 16ஆம் இலக்க ஊசி போட்டாலும் சிலவேளை முறியும். பொக்கட் மூலையில் அறைந்திருக்கும் செப்புக் குமிழ் ஆணியில், அதுதான் ரிவெட்டில், பட்டால் கேட்கவே வேண்டாம். பொக்கட் கிழியாமலிருக்க ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873இல் காப்புரிமை வாங்கிய சங்கதி அது. என் ஊசிகளை மனிதர் யோசிக்கவில்லை.

பச்சைத்துணி:
501 என்ற ரக டெனிம் களிசான் ஒன்றுக்கு அதன் வாழ்நாள் முழுக்க 3,781 லீட்டர் தண்ணீர் என்று லீவைஸ் நிறுவனமே 2015இல் கணக்குச் சொன்னது. பெரும்பங்கு பருத்தி வயலுக்கு. குப்பையில் போட்டால் அவ்வளவும் போச்சு.

டச்சுக்குடாக்காரன்:
தம்பி, அந்தத் தண்ணீர் எப்பவோ செலவாகிவிட்டது. பையாக்கினால் திரும்பி வருமா? இன்னும் இரண்டு வருசம் போட்டு, அடுத்த களிசான் வாங்குவதைத் தள்ளிப்போட்டால்தான் மிச்சம். பை வேண்டுமென்றால் பனையோலை உமல் இருக்கிறது. அப்பப்பா அதில்தான் மீன் வாங்கி வந்தார், பிய்ந்ததும் அடுப்பில் வைத்தார்.

பச்சைத்துணி:
உமலில் லப்டொப் கொண்டு போகலாமா அண்ணை?

நிலாவெளி விருந்தகம்:
என் அனுபவம் கசப்பு. இப்படிப் பத்துப் பைகள் வாங்கி வைத்தேன். கடலில் குளித்து ஈரத்தோடு தோளில் போட்ட பெண்ணின் வெள்ளைச் சட்டை முழுக்க நீலம். தந்தவரிடம் சொன்னால், உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார். கடலில் ஊறித்தானே வந்தது!

தையல்மெசின்:
உப்பும் வினாகிரியும் உதவாது. அவுரி நீலம் நூலின் மேல்தோலில்தான் உட்காரும், நடுவுக்கு இறங்காது. உரசினால் கழன்று வரும். ஆனால் பல தரம் தோய்த்த களிசானில் வரவேண்டியது வந்து முடிந்திருக்கும். உங்களுக்கு வந்தது பழைய டெனிம்தானா என்பதே சந்தேகம். புதுத் துணியில் தைத்திருப்பார்கள்.

டச்சுக்குடாக்காரன்:
அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

தையல்மெசின்:
இல்லை, எல்லோரையும் ஒரே கூடையில் போட்டீர்கள். முழங்காலும் தொடையிடுக்கும் போனதைத்தான் நான் வெட்டுவேன். கெண்டைக்கால் பக்கம் அப்படியே நல்லாக இருக்கும். உள்துணி பற்றிச் சொன்னது சரி. நான் பழைய வேட்டி போடுகிறேன். களிசான் சிப் ஒரு சாண்கூட இல்லை, பைக்குக் காணாது. அதனால் பொத்தான்தான். லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்ததை வாங்கவே மாட்டேன், தண்ணீர்ப் போத்தல் வைத்தால் பை முழங்கால் வரை தொங்கும்.

டச்சுக்குடாக்காரன்:
வெட்டின துண்டுகள்? கோட்டைப் பக்கத்து மான்கள் குப்பை கிளறுவது தெரியும்தானே.

தையல்மெசின்:
குறுணித் துண்டு தலையணைக்குள் போகும். தடித்த தையல் ஓரங்கள் ஒரு சாக்கு நிறைய மூலையில் கிடக்கின்றன. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

டச்சுக்குடாக்காரன்:
சரி தங்கச்சி, மகனின் களிசான் இரண்டு இருக்கிறது. ஒன்று முழங்கால், மற்றது தொடையிடுக்கு. பை வேண்டாம். ஒட்டுப் போட்டுத் தருவீர்களா?

தையல்மெசின்:
முழங்காலுக்குப் போடலாம், 400 ரூபா. தொடையிடுக்கில் போட்டால் மூன்று மாதம் நின்றால் பெரிய விசயம். அதை எனக்கு வெட்டத் தாருங்களேன்?

டச்சுக்குடாக்காரன்:
மூன்று மாதம் போடட்டும். பிறகு கொண்டு வருகிறேன்.