சிவப்பு அம்பா, நீல அம்பா? மண்பாதையில் பைக்கைச் சந்தித்த கதைகள்

இங்கிலாந்தின் டெர்பிஷயருக்குக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துக் கிலோமீட்டராவது நடக்காவிட்டால் எனக்கு அந்த வாரம் ஓடாது. போன மாதம் மனைவியும் நானும் ஒரு மண்பாதையில் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் அடுக்குக் கல் சுவர், நடுவே ஒரு வண்டி போகும் அகலம். பின்னாலிருந்து உறுமல் கேட்டது. மூன்று பைக்குகள். நான் பாதைக்கு நடுவில் போய் நின்று கையை நீட்டி மறித்துவிட்டேன். "இது நடக்கிறவர்களுக்கான பாதை, உங்களை யார் இங்கே விட்டது?" என்று ஒரு சத்தம் வேறு.

முதலில் வந்தவர் இன்ஜினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே முழுக்க நரைத்த தலை. கோபமே இல்லாமல், "நீங்கள் தாண்டி வந்த கேட்டின் தூணைப் பார்த்தீர்களா?" என்றார். இருபது அடி திரும்பி நடந்தேன். தூணில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டத் தகடு, முழுக்கப் பாசி. கட்டைவிரலால் தேய்த்தேன். சிவப்பு அம்பு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மஞ்சள் அம்பு என்றால் நடப்பதற்கு மட்டும். நீலம் என்றால் பிரிடில்வே: நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிள் ஓட்டலாம். ஊதா என்றால் குதிரை வண்டிவரை போகலாம், மோட்டார் கூடாது. சிவப்பு என்றால் பைவே, மோட்டார் வண்டி உட்பட எல்லாருக்கும் உரிமை உண்டு. பதினோரு வருடம் நடந்தவனுக்கு இதை ஒரு பைக்காரர் சொல்லித்தர வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நாங்கள் கேட்டைத் தாண்டிப் போகும்வரை இன்ஜினை முடுக்காமலே நின்றார்.

கதை அதோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து, அங்கிருந்து கீழே இறங்கும் பிரிடில்வேயில் எதிரே இரண்டு பைக்குகள் வந்தன. நம்பர் பிளேட் இல்லை, முகத்தில் துணி. வேகம் குறையவே இல்லை. மனைவி ஓரத்துக் காஞ்சொறிப் புதரில் குதித்தாள். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சட்டப்படி வந்த பெரியவரிடம் காட்டிய வீரம் எங்கே போனதோ தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

நடுவில் நின்று மறித்தீர்களே, அந்தப் பெரியவர் எங்கள் ஆள். நேரில் தெரியாது, ஆனால் அடையாளம் புரிகிறது. பதினைந்து வருடமாக நானும் பைவேக்களில் ஓட்டுகிறேன். ஆறு பேருக்கு மேல் சேர்ந்து போகமாட்டோம். குதிரையைக் கண்டால் இன்ஜினை அணைத்துவிடுவோம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பைவே சட்டத்தின் கண்ணில் ஒரு ரோடு. அதனால் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், வரி, எம்ஓடி என்ற வருடாந்தர வண்டிச் சோதனைச் சான்று, நம்பர் பிளேட், ஒழுங்கான சைலன்சர் எல்லாம் வேண்டும். அதோடு எங்களுக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். இங்கிலாந்தின் பொதுவழிகளில் பைவே நூற்றுக்கு இரண்டு தேறும். 2006-இல் வந்த சட்டம், பழைய வண்டிப் பாதை என்ற ஆதாரத்தை மட்டும் வைத்து மோட்டார் உரிமை கோருவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அந்த வருடம் மே 2-ஆம் தேதியோடு எத்தனையோ பாதைகள் எங்களுக்குப் போயின.

ஓட்டுவதற்கு முந்தின இரவு ஒரு மணி நேரம் வரைபடத்தோடு உட்காருவேன். நடப்பவர்கள் வாங்கும் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சைச் சிலுவைகள் வரிசையாக இருந்தால் பைவே. பச்சைப் புள்ளிகள்தான் தலைவலி. பொதுமக்கள் போகலாம் என்று சொல்லும், எதில் போகலாம் என்று சொல்லாது. கவுன்சிலின் தெருப் பட்டியலைத் தேடிப் பார்க்க வேண்டும். அப்புறம், சிவப்பு அம்பு இருந்தாலும் தடை உத்தரவு இருக்கலாம். சிவப்பு வளையத்துக்குள் கார், அதன் தலைக்கு மேல் பைக் பறப்பது போல ஒரு பலகை வைத்திருப்பார்கள். முதன்முதலில் பார்த்தபோது சாகச நிகழ்ச்சி விளம்பரம் என்றுதான் நினைத்தேன்! ஸ்டானேஜ் பாறை விளிம்பின் அருகே லாங் காஸ்வே என்ற பாதையில் மோட்டார் வண்டிகளுக்கு நிரந்தரத் தடை. நான் ஆசையாக ஓட்டிய பாதை, இப்போது நடந்துதான் போகிறேன். ஈரத்தில் சக்கரத் தடம் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று தெரிந்தவன், அதனால் எல்லாத் தடையையும் அநியாயம் என்று சொல்லமாட்டேன்.

என் சந்திப்பு ஒரு மனிதரோடு இல்லை, ஒரு கம்பியோடு. நவம்பர் காலை, சட்டப்படியான பைவே, ஒரு வளைவு. அதைத் தாண்டியதும் இரண்டு முள்மரங்களுக்கு இடையே நெஞ்சுயரத்தில் முள்கம்பி கட்டியிருந்தது. பனித்துளி வெயிலில் மின்னியதால் கண்ணில் பட்டது. மெதுவாக வந்ததால் நிறுத்த முடிந்தது. கட்டியவர் பைக்காரர்களை வெறுத்தவராக இருக்கலாம், ஆனால் அந்த வழியில் முதலில் ஒரு குதிரை வந்திருந்தால்? கம்பியை அவிழ்த்து முடிக்கும்வரை என் கை நடுங்கியது.

* * *

குதிரை என்றதும் எழுதத் தோன்றியது. என் பெட்டைக் குதிரைக்குப் பதினான்கு வயது. பெட்ரோல் பைக் அவளுக்குப் பழக்கம்தான். அரை மைல் தள்ளி வரும்போதே காது திரும்பும், நானும் ஓரத்தில் இடம் பார்த்து நின்றுவிடுவேன். இப்போதைய தொல்லை சத்தமே போடாத மின்சார பைக்குகள். பெடல் மிதிக்காமல் முறுக்கினாலே பறக்கின்றன. சைக்கிள் என்று சொல்லிக்கொண்டு பிரிடில்வேக்குள் வருகிறார்கள். சட்டம் சைக்கிளாக ஏற்பது 250 வாட் மோட்டார், மணிக்கு 15.5 மைலுக்கு மேல் மோட்டார் உதவாத வண்டியைத்தான். இவர்கள் ஓட்டுவது மோட்டார் சைக்கிள், சந்தேகமே வேண்டாம்.

சென்ற கோடையில் அப்படி ஒருவன் பின்னாலிருந்து உரசிக்கொண்டு போனான். அவள் பக்கவாட்டில் துள்ளியதில் நான் வேலியில் விழுந்தேன். மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் கட்டு.

* * *

திட்டுவார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். 2018-இல் கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் பழைய எண்டூரோ பைக் ஒன்று வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் பரந்த புல்வெளி, வேலியில்லை, பலகையில்லை. எங்கள் ஊரில் ஏரிக்கரையில் யார் வண்டி ஓட்டினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அதே நினைப்பு. அது காமன் எனப்படும் பொது உரிமை நிலம், அனுமதியில்லாமல் அதில் மோட்டார் வண்டி ஓட்டுவதே குற்றம் என்று யார் கண்டார்கள்?

மூன்றாவது ஞாயிறு போலீஸ்காரர் ஒருவர் கேட்டருகே எனக்காகக் காத்திருந்தார். கத்தவில்லை. போலீஸ் சீர்திருத்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு என்று சொல்லி ஒரு தாள் கொடுத்தார். பன்னிரண்டு மாதத்துக்குள் இன்னொரு முறை இப்படிப் பிடிபட்டால் வண்டி பறிமுதல் என்றார். அப்புறம் என் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினார். தரையில் கூடு கட்டும் பறவைகள் இருக்கும் இடமாம், நடுவே என் சக்கரத் தடம் கறுப்பாக வளைந்து வளைந்து போயிருந்தது. தாளைவிட அதுதான் உறுத்தியது.

இப்போது ஒரு விவசாயியின் நிலத்தில் நடக்கும் போட்டி நாட்களில் மட்டும் ஓட்டுகிறேன். திட்டமிடல் அனுமதி இல்லாமல் ஒரு நிலத்தில் பைக் பந்தயம் வருடத்துக்குப் பதினான்கு நாள்தான் நடத்தலாம். எனக்கு அது போதும்.

* * *

முதலில் எழுதியவன் மறுபடியும். நம்பர் பிளேட் இல்லாமல் வந்த அந்த இருவரைப் பற்றி, அவசரமில்லாத புகார்களுக்கான போலீஸ் எண் 101-க்குச் சொன்னேன். நேரம், வரைபடக் குறியீடு, போன திசை, வண்டியின் நிறம் கேட்டார்கள். நிறம் மட்டும்தான் சரியாகத் தெரிந்தது. ஒரே ஆள் சொன்னால் ஒன்றும் நடக்காது, பல பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அந்தப் பக்கம் ரோந்து வரும் என்றார் எடுத்தவர். சரி, இனிமேல் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று பழைய டூத்பிரஷ்ஷும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அந்தக் கேட்டுக்குப் போனோம். பாசி விட்டதும் சிவப்பு அம்பு பளிச்சென்று வந்தது. தூணின் மறுபக்கத்தில் இன்னொரு தகடு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கீழே இறங்கும் பாதைக்கான நீல அம்பு. மனைவி பிரஷ்ஷை என் கையிலிருந்து வாங்கி, அதைத் தானே தேய்த்தாள்.