கிளாசிக் தோட்டா: தமிழில் என்ன சொல்வது?

க. எழுதியது:
வணக்கம். அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அண்மைக்காலத்தில் வந்த ரைபிள் தோட்டாக்களில் எவை 'கிளாசிக்' ஆகும் என்பதுதான் படத்தின் கேள்வி. 'செவ்வியல் தோட்டா' என்று எழுதிப் பார்த்தேன். அகநானூற்றைக் குழலில் திணித்ததுபோல் இருக்கிறது. திரையில் இரண்டு வரிக்குத்தான் இடம். சுருக்கமான சொல்லாகத் தாருங்கள்.

புலவர் எழுதியது:
செவ்வியலில் என்ன குறை? செம்மை என்றால் குற்றமின்மை, நேர்மை. நேராகப் போகிற பொருளுக்குப் பொருத்தம்தானே. அது இருக்கட்டும், முதலில் 'தோட்டா'வை விலக்குங்கள், அம்மா. இந்துஸ்தானிச் சொல். 'வெடியுறை' எனலாம்.

ச. எழுதியது:
ஐயா, எங்கள் யாழ்ப்பாணத்தில் உறை என்றால் கைத்துப்பாக்கியைச் செருகி வைக்கும் தோலுறை. முழுத் தோட்டாவை ரவை என்போம். பாய்வது சன்னம், மிஞ்சும் பித்தளை கோது, துப்பாக்கிக்குள் தோட்டாக்களை அடுக்கும் பெட்டி ரவைக்கூடு. எல்லாம் பத்திரிகையில் புழங்கிய சொற்கள்தான்.

க. எழுதியது:
சென்னையில் ரவை என்றால் உப்புமா, ச. 'கோது' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், நன்றி. என் கேள்வி கிளாசிக்.

நா. எழுதியது (ஒஹாயோ):
பொருளைத் தெரிந்துகொண்டு சொல்லைத் தேடலாமே. இங்கே கிளாசிக் என்பதற்கு அழகு அளவுகோல் அல்ல. .30-30 என்ற தோட்டா வந்தது 1895; .30-06 வந்தது 1906; .270 வின்செஸ்டர் 1925; .308 வின்செஸ்டர் 1952. சின்ன ஊர்க் கடையிலும் இவற்றுக்கு ஒரு பெட்டி கிடைக்கும். உருவாக்கிய நிறுவனம் கைவிட்டாலும் மற்றவர்கள் செய்துகொண்டிருப்பார்கள். கிளாசிக் என்றால் அவ்வளவுதான்.

புதியவற்றில் 6.5 கிரீட்மோர் தேறிவிட்டது என்பேன். 2007இல் ஹார்னடி என்ற தோட்டா நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1997இல், .260 ரெமிங்டன் வந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே விட்டமுள்ள குண்டு, ஏறத்தாழ ஒரே வேகம். ஆனால் .260இன் கோது 2.035 அங்குல நீளம், கிரீட்மோரின் கோது 1.920. காற்றைக் கிழித்துப் போகும் நீண்ட ஒல்லிக் குண்டை .260இல் பொருத்தினால் தோட்டாவின் நீளம் துப்பாக்கியின் பெட்டிக்குள் அடங்காது. ஆழமாக அழுத்தினால் வெடிமருந்துக்கான இடத்தைக் குண்டு தின்றுவிடும். கிரீட்மோரில் கோதைக் குட்டையாக்கி அந்த இடத்தைக் குண்டுக்குக் கொடுத்தார்கள். போட்டித் தரத் தோட்டாவை ஆலையிலேயே செய்து கட்டுப்படியாகும் விலைக்கு விற்றார்கள். இன்று யார் ரைபிள் செய்தாலும் அதற்கு ஒரு குழல் வைத்திருக்கிறார்கள்.

புலவர் எழுதியது:
அருமை. தோட்டாவைப் பற்றி நேற்றிரவு யோசித்தேன். விலக்க வேண்டியதில்லை, அது தமிழே! தோடு என்றால் ஓலை. பழைய தோட்டா, மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டியது. 1857இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த கொழுப்புத் தோட்டாவை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லே இத்தாலியில் காகிதச் சுருளைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். ஓலைச்சுருள், தோடு, தோட்டா!

மொ. எழுதியது:
ஐயா, நேற்று அது இந்துஸ்தானி. ஒரே இரவில் காதில் தோடு போட்டுக்கொண்டு தமிழச்சியாகிவிட்டதா? தோட்டா தோட்டாவாகவே இருக்கட்டும்.

'தலைமுறைத் தோட்டா' எப்படி?

க. எழுதியது:
'புதிய தலைமுறைத் தோட்டா' என்ற தொடரும் படத்தில் வருகிறதே. குழப்பும்.

மொ. எழுதியது:
அப்படியானால் 'நிலைத்த தோட்டா'.

புலவர் எழுதியது:
நிலைத்த என்பது இறந்தகாலப் பெயரெச்சம். இனி நிலைக்கப் போவதை அது எப்படிச் சுட்டும்? வினைத்தொகையாக்குங்கள்: நிலைதோட்டா. முக்காலத்துக்கும் பொருந்தும், ஊறுகாய்போல. ஒற்று மிகக்கூடாது, நிலைத்தோட்டா என்றால் அசையாமல் கிடக்கும் தோட்டா ஆகிவிடும்.

க. எழுதியது:
ஓர் ஒற்றை நம்பி நான் வசனவரி எழுத முடியாது, ஐயா. பார்ப்பவருக்கு இரண்டு வினாடிதான் கிடைக்கும். நா., மற்றவை என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? படத்தில் .350 லெஜண்டைப் புகழ்ந்து தள்ளுகிறார்கள்.

நா. எழுதியது:
அதை வாழவைப்பது சட்டம். இங்கே ரைபிளில் மான் வேட்டை என்றால் கழுத்துக் குறுகாத, நேர்சுவர்க் கோதுதான் அனுமதி. லெஜண்ட் வந்தபோது மிஷிகனின் தென்பகுதியிலும் அப்படியே இருந்தது. அந்தச் சந்தைக்காகவே 2019இல் வந்தது. விதியைத் தளர்த்தினால் எத்தனை பேர் அதைத் தொடுவார்கள் என்பது சந்தேகம். .300 பிளாக்அவுட் நிற்கும்; .223 ரைபிளில் குழலை மட்டும் மாற்றினால் போதும், பெட்டியும் குழலைப் பின்னால் அடைக்கும் பூட்டும் அவையே. 2022இல் வந்த 7 மி.மீ. பி.ஆர்.சி.க்கு இப்போதே பட்டம் கட்டுவது அவசரம். 2001இல் .300 டபிள்யூ.எஸ்.எம். வந்தபோதும் குட்டைப் பருமன் தோட்டாக்கள்தான் இனி எல்லாம் என்றார்கள். அது பிழைத்துக்கொண்டது, உடன்பிறப்பான 7 மி.மீ. டபிள்யூ.எஸ்.எம். தேய்ந்துபோனது.

பெயரும் ஆளைக் கொல்லும். 1957இல் வந்த .280 ரெமிங்டன் நல்ல தோட்டா. விற்பனை மந்தம் என்று 1979இல் '7 மி.மீ. எக்ஸ்பிரஸ்' ஆக்கினார்கள். 7 மி.மீ. மேக்னம் என்ற வேறொரு தோட்டாவோடு மக்கள் குழப்பிக்கொள்ளவே பழைய பெயருக்கே திரும்பினார்கள். ஆகவே சொல்லை முடிவு செய்துவிட்டு மாற்றாதீர்கள்.

க. எழுதியது:
கேள்வி வரும் இடங்களில் பெயர்ச்சொல்லே இல்லாமல் 'எவை நிலைக்கும்?' என்று எழுதிவிட்டேன். .30-06 போன்றவற்றுக்கு 'நிலைத்த தோட்டா'. மொ., ச., நா. மூவரும் சரி என்று தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். கோப்பு போய்விட்டது.

ச. எழுதியது:
நான் சரி என்றது சலிப்பில். ரவை என்பதே என் கட்சி.

புலவர் எழுதியது:
நிலைதோட்டாவை ஏற்காததற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இன்னொன்று: குழலுக்குள் வெட்டப்படும் சுழல்வரிக்குப் 'புரி' என்ற சொல் இருக்கிறது. பெரும்பாலான ரைபிள்கள் வலம்புரி, லீ-என்ஃபீல்ட் இடம்புரி. சங்கில் வலம்புரி அரிது, துப்பாக்கியில் அது தலைகீழாகிறது. இதைத் தனி இழையில் பேசலாமா?