ட்ரூரி ஆர்க்கிட் பூக்கவே மாட்டேங்குது

கோத்தகிரில சின்னதா கிரீன்ஹவுஸ் போட்டிருக்கேன், நர்சரில வாங்கின பாஃபியோபெடிலம் ட்ரூரி மூணு வருஷமா இலை மட்டும் பளபளன்னு விடுது, பூ ஒண்ணு கூட இல்ல, தினமும் தண்ணி ஊத்துறேன், என்ன தப்பு பண்றேன்?

பதில்: தினமுமா?! அண்ணா, அது அகத்தியமலை உச்சியில பாறைக்கும் புல்லுக்கும் நடுவுல வெயில் வாங்கி வளர்ற செடி. குளிர்காலத்துல தண்ணிய நல்லா குறைங்க, ராத்திரி குளிர் படட்டும், ஷேட் நெட்டையும் கொஞ்சம் விலக்குங்க.

பதில்: வேரை பாருங்க, அமுக்கினா கொழகொழன்னு இருந்தா அழுகல்தான். எனக்கு ஒண்ணு அப்படித்தான் போச்சு. மரப்பட்டை, கரி, ஓட்டாஞ்சில்லு கலந்து மாத்தி வைங்க.

பதில்: காட்டுலேர்ந்து பிடுங்கினத யாராவது வித்தா மட்டும் வாங்கிடாதீங்க. பிடுங்கிப் பிடுங்கியே அழிஞ்சுபோச்சுன்னு நெனச்சிருந்தாங்க, 1972ல தான் மறுபடி கண்ணுல பட்டுச்சு.

கேட்டவர்: பாத்துட்டேன், நாலு வேர் கொழகொழ. இன்னிக்கே மாத்துறேன்.