புதுப்பிப்பு: ஹால் தடுப்புச் சுவர் முனையை மூடியாச்சு

ஈரோட்டு வீட்டில் ஹாலையும் சாப்பிடும் இடத்தையும் பிரிக்கிற நாலரை அங்குலச் சுவருக்கு இரண்டு பக்கமும் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) லூவர் பேனல், அதாவது வரிவரியான அலங்காரப் பலகை, ஒட்டியதும், முனையில் வெட்டுவாயும் பேனலுக்குள் இருக்கும் பொந்தும் பளிச்சென்று தெரிகிறதே, எப்படி மூடுவது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

கைகொடுத்தது எல் பட்டி (மூலையை மூடும் ‘L’ வடிவப் பட்டி) போடச் சொன்ன அண்ணாவின் யோசனைதான். முனைக்கு அதே நிறத்தில் தட்டையான டபிள்யூபிசி பட்டை, இரண்டு மூலையிலும் அலுமினிய எல் பட்டி. பட்டி இல்லாமல் மூலையில் பேனல் ஓரங்களையே 45 டிகிரியில் சீவிச் சேர்ப்பதை ஆசாரி துண்டுப் பேனலில் வெட்டிக் காட்டினார், பொந்து இருக்கும் இடத்தில் ஓரம் காகிதம் போல மெலிந்து பிய்ந்துவிட்டது, அதனால் அது வேண்டாம்.

எதிர்பாராதது, சுவர் முனையின் அகலம் மேலே ஒன்று, கீழே ஒன்று. பூச்சு அப்படி. பட்டையை ஒரே அளவில் வெட்டாமல் மேல், நடு, கீழ் என்று அளந்து வெட்டினால்தான் இடைவெளி இல்லாமல் உட்காரும். அப்புறம், டிஸ்டெம்பர் மேல் பசை நிற்காது, பூச்சு தெரியும்வரை சுரண்டிவிட்டு ஒட்டுங்க. எல் பட்டியின் அடி நுனி கத்தியாக இருக்கும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் அரம் போட்டு மழுக்காமல் விடாதீங்க.