1855 ரயில் தங்கக் கொள்ளைக்கு இசை: ஓடும் ரயிலை எந்தத் தாளத்தில் எழுதுவது?

அரைச்சுரம் கேட்டது:
பதினெட்டு நிமிடக் குறும்படம். 1855 மே 15 இரவு, லண்டன் பிரிட்ஜிலிருந்து ஃபோக்ஸ்டோன் போன ரயிலில் நடந்த தங்கக் கொள்ளைதான் கதை. எடிட்டிங் சமயத்தில் எங்கள் இயக்குநர், இதே கொள்ளையை வைத்து வந்த 1978 படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் போட்ட இசையைத் தற்காலிகமாக ஒட்டிப் பார்த்துவிட்டார். இப்போது நான் எதைப் போட்டுக் காட்டினாலும் "துள்ளல் பத்தலையே" என்கிறார்.

கையில் இருப்பது 22 தந்திக் கலைஞர்கள், இரண்டு கிளாரினெட், ஒரு பசூன், இரண்டு ஹார்ன், ஒரு டிராம்போன், தாள வாத்தியத்துக்கு ஒருவர். ஒரே நாள் ரெக்கார்டிங். ரயில் காட்சி மட்டும் நான்கு நிமிடம். ஸ்னேர் டிரம்மில் பிரஷ் வைத்து விடாமல் சுக்குபுக்கு எழுதினேன், நாற்பது விநாடியிலேயே எனக்கே சலித்துவிட்டது. என்ன செய்யலாம்?

மௌனராகி:
அந்தத் தற்காலிக இசையை டைம்லைனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இசையே இல்லாமல் இரண்டு முறை பார்க்கட்டும். அதற்கப்புறம் உங்களுடையதைக் காட்டுங்கள்.

பின்வரிசை வயோலா:
தம்பி, முதலில் எஞ்சினை எண்ணிப் பாருங்கள். இரண்டு சிலிண்டர் நீராவி எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு 'புஸ்' விடும். சக்கர விட்டம் 1.8 மீட்டர் என்றால், மணிக்கு 15 கிலோமீட்டரில் விநாடிக்கு மூன்று புஸ். காலால் தட்டலாம். 50 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட பத்து. அது வெறும் இரைச்சல். நீங்கள் ஸ்னேரில் எழுதியது அதைத்தான்.

வண்டிக்குள் இருப்பவன் காதில் விழுவது தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டுவது. தட-தட், கொஞ்சம் இடைவெளி, தட-தட். கிளம்பும்போது மட்டும் புஸ்ஸை வைத்துக்கொண்டு, வேகம் பிடித்ததும் இதற்கு மாறுங்கள். 6/8-இல், அதாவது ஒரு பாருக்கு (தாள வட்டத்துக்கு) ஆறு தட்டு வைத்து, செலோவும் டபுள் பேஸும் பிட்சிகாட்டோ (வில் இல்லாமல் விரலால் மீட்டி) வாசிக்கட்டும். ஆறை மூன்று மூன்றாகவும் பிரிக்கலாம், இரண்டு இரண்டாகவும் பிரிக்கலாம். ரயில் நிலையம் நெருங்கும்போது ஒரு பாருக்கு மட்டும் மாற்றிப் பிரித்தால் கேட்பவனுக்குக் கால் இடறும். உங்கள் இயக்குநர் கேட்கும் துள்ளல் அங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் தாளம் மட்டும் நான்கு நிமிடம் தாங்காது. கொள்ளையர்களில் ஒருவனான எட்வர்ட் ஏகர் மெழுகில் அச்செடுத்துச் சாவி செய்த பிறகும் வேலை முடியவில்லை. அதே ரயிலில் பல தடவை போய்வந்து, அராவி அராவித்தான் அதைப் பெட்டகத்துக்குப் பொருத்தினான். மெட்டையும் அப்படியே செய்யுங்கள். எட்டு ஸ்வரம் என்றால் கிளாரினெட் ஏழில் நிற்கட்டும். மறுபடி வரும்போதும் ஏழுதான். சாவி திரும்பும் ஃபிரேமில் எட்டாவது ஸ்வரம், இரண்டு ஹார்னும் சேர்ந்து. அதுவரை ஹார்ன்கள் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு படத்தில் முதல் பாரிலிருந்தே ஹார்ன்களை ஊத வைத்தார்கள். உச்சத்தை மாலை ஐந்து மணிக்கு எடுத்தோம். அவர்கள் உதடு செத்துப்போய், அந்த ஒரு ஸ்வரம் எட்டு டேக்கிலும் உடைந்தது. பின்வரிசையில் வில்லைத் தூக்கியபடியே எட்டுத் தடவையும் காத்திருந்தவன் நான். நீங்கள் அதைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

திருகாணி:
தங்கத்தை எடுத்துவிட்டு ஈயக் குண்டுகளை வைத்தார்களே, அதற்கு ஆஃபிக்ளைட் (கீழ்ஸ்தாயிப் பித்தளை ஊது வாத்தியம்) போட்டால் என்ன? 1855-இல் இங்கிலாந்து ஆர்கெஸ்ட்ராக்களில் இருந்த வாத்தியம்தான்.

பின்வரிசை வயோலா:
அழகான வாத்தியம், ஆனால் வாசிக்க ஆள் வேண்டுமே! டிராம்போனுக்கு மியூட் (ஒலியை மட்டுப்படுத்தும் அடைப்பான்) போட்டு, கிளாரினெட்டும் ஹார்னும் வாசித்த அதே ஸ்வரங்களைக் கொடுத்தால் போதும். மெட்டு அதுதான், உலோகம் வேறு. கடலுக்கு அப்பால் பிரான்ஸின் பூலோன் துறைமுகத்தில் எடை போட்டபோது ஒரு பெட்டி குறைந்தும் மற்றவை சற்றுக் கூடியும் இருந்தன இல்லையா, அதற்காக ஒரு ஸ்வரத்தை அரைப்படி இறக்கிவிடுங்கள்.

அரைச்சுரம்:
ஐயா, நேற்று இரவே மாற்றி எழுதிவிட்டேன். ஏழு ஸ்வரத்தில் நிற்கும் இடத்தில் இயக்குநர் திரும்பி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வயோலா பார்ட்டை உங்களுக்கு அனுப்பட்டுமா?

பின்வரிசை வயோலா:
அனுப்புங்கள். பக்கம் திருப்ப இரண்டு பார் ஓய்வு விட்டிருக்கிறீர்களா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.