இட்ரியம் வட்டு: மேலே சரி, அடியில் மின்னோட்டம் விழுகிறது

விதைப் படிகம் வைத்து உருக்கி வளர்த்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு மீக்கடத்தி (குளிர்ந்தால் மின்தடை இழக்கும் பொருள்) வட்டோடு மூன்று மாதங்களாக மல்லுக்கட்டுகிறேன். விட்டம் 20 மி.மீ., உயரம் 10 மி.மீ. மேற்பரப்பில் நான்கு முகக்கோடுகளும் (படிக வளர்ச்சிப் பகுதிகளின் எல்லைக் கோடுகள்) கத்தியால் கீறியதுபோல் விளிம்புவரை ஓடுகின்றன. பார்வைக்கு ஒற்றைப் படிகமேதான். வெட்டி, மின்தடையின்றித் தாங்கும் உச்ச மின்னோட்டத்தை 77 கெல்வினில் அளந்தால் கதை வேறு. விதைக்கு அருகே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20,000 ஆம்பியர். அடியில் 5,000கூட இல்லை.

123 தூளுடன் (மீக்கடத்தும் YBa₂Cu₃O₇) 30 எடை சதவீதம் 211 (மீக்கடத்தாத Y₂BaCuO₅), 0.5 சதவீதம் சீரியம் ஆக்சைடு, சமேரியம் விதை. காற்றில் 1045 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், விரைவாக 1010, அங்கிருந்து மணிக்கு 0.5 டிகிரி வீதம் 980 வரை. பிறகு ஆக்சிஜன் ஓட்டத்தில் 450 டிகிரியில் 100 மணி நேரம்.

ஆக்சிஜன் போதவில்லை என்று எண்ணி 200 மணி நேரமாக்கினேன். அடித்துண்டின் மீக்கடத்து நிலைமாற்றம் 91 கெல்வினில் தொடங்கினாலும், அது பரவும் வெப்பநிலை அகலம் குறையவில்லை. குளிர்விப்பை 0.3 ஆக்கியதில் 211 துகள்கள் பருத்ததுதான் மிச்சம். ஒன்று மட்டும் உறுத்துகிறது: வட்டைத் தாங்கிய இட்ரியம் ஆக்சைடு தட்டில் ஒவ்வொரு முறையும் கறுப்புக் கறை ஊறியிருக்கிறது.

ஆக்சிஜன் குறைவா, உருகிய திரவம் தட்டுக்குள் இறங்கிவிட்டதா என்று பிரித்தறிய, கையிலுள்ள அடித்துண்டில் முதலில் எந்தச் சோதனையைச் செய்வீர்கள்?