தண்ணித் தாங்கி மொடல்ல ஒரு வரிச எலிமென்ட்ட மட்டும் புடிக்கிற: மவுசா, கட்டளையா?

கல்லடிக்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். வட்டமான தண்ணித் தாங்கி ஒண்டு, உசரத்துல கால்ல நிக்கிறது, ஆன்சிஸ்ல (ஒரு கட்டமைப்பு சுமைய எப்பிடித் தாங்கும் எண்டு கணக்குப் போடுற சொஃப்ட்வெயார், பழைய கட்டளை வெர்ஷன்) மொடல் செஞ்சிட்டு இரிக்கன். சுவரும் அடித்தட்டும் சொலிட் எலிமென்ட் (கணக்குக்காகப் பிரிச்ச சின்னச் சின்னக் கனத் துண்டு), காலெல்லாம் பீம் (கோடு மாதிரி எலிமென்ட்). சுவரும் தட்டும் சேர்ற மூலையில உள்பக்கமா கசிவு, அதால அந்த மூலையச் சுத்தி சுவர்ர முதல் வரிச எலிமென்ட்டுக்கு மட்டும் கொங்கிறீட் வலுவக் கொறச்சுப் பாக்கணும். மவுசால பெட்டி இழுத்தா இந்தப் பக்கச் சுவரோட அந்தப் பக்கச் சுவரும் சேந்து வருது, ஒண்டொண்டா கிளிக் பண்ணப் போனா விடிஞ்சிரும். நீங்க எல்லாம் எப்பிடிச் செய்யிற?

ஒலுவில் நானா:
மவுசத் தூக்கி அங்கால வைங்க தம்பி. தாங்கி வட்டம்தானே, நடுப்புள்ளியில ஒரிஜின் இரிக்கா எண்டு பாத்துட்டு சிலிண்டர் ஆள்கூறுக்கு மாத்துங்க, சிஸ் கமா 1 (CSYS,1). அதுக்குப் பொறகு எக்ஸ் எண்டா ஆரை, இசட் எண்டா உசரம். என்செல்லால (NSEL, நோட் தெரிவு செய்யிற கட்டளை) உள் ஆரையில உள்ள நோட் (எலிமென்ட்டுட மூலைப் புள்ளி) எல்லாம் எடுங்க, அதுக்குள்ள தட்டு மட்டத்துல உள்ளத மட்டும் திரும்ப எடுங்க, மூலைக் கோடு வந்திரும். ஈஎஸ்எல்என் (ESLN) அடிச்சா அதத் தொடுற எலிமென்ட் எல்லாம் வரும். தட்டுட எலிமென்ட்டும் ஒட்டிக்கிட்டு வரும், அதுக்கு சுவருக்கும் தட்டுக்கும் வேற வேற மெட்டீரியல் நம்பர் குடுத்திருந்தா ஈசெல்ல (ESEL, எலிமென்ட் தெரிவு செய்யிற கட்டளை) வடிகட்டிரலாம். நாலஞ்சு லைன், அவ்வளவுதான்.

வாவிக்கரை:
நானா, கேக்க நல்லாத்தான் இரிக்கு. ஆனா கட்டளை என்னத்த எடுத்திச்செண்டு திரையில பாக்காம ஓட விடுற ஆக்கள எனக்குத் தெரியும். என்செல்லுக்கு ஒரே ஒரு ஆரையக் குடுத்தா அது அந்த எண்ணுல அரை வீதம் ரெண்டு பக்கமும் தானாவே விட்டுக் குடுக்கும். ஆரை 4000 மில்லிமீற்றர் எண்டா அங்கால 20 இஞ்சால 20. தம்பிட எலிமென்ட் தடிப்பு 15 எண்டா ரெண்டாவது அடுக்கும் சத்தமில்லாம உள்ள வந்திரும். கண்ணால பாத்துப் புடிச்சா இந்தக் கூத்து இல்ல. பெட்டி இழுத்து பின்சுவர் வருதெண்டா முதல்ல பாதித் தாங்கிய மறைச்சிட்டு இழுக்கணும், அது மவுசுட பிழை இல்ல.

ஒலுவில் நானா:
அந்த அரை வீதம் ஒளிச்சு வெச்ச விசயம் இல்ல, மனுவல்லயே இரிக்கி. செல்டோல் எண்டு கட்டளை இரிக்கி, எவ்வளவு விட்டுக் குடுக்கணும் எண்டத நீங்களே குடுக்கலாம், இல்லாட்டி 3999 தொடக்கம் 4001 எண்டு எல்லை போடலாம். சரி, ஒங்கட மவுஸ் கதைக்கு வருவம். நீங்க கிளிக் பண்ணினது லொக் ஃபைல்ல (செஞ்சதெல்லாம் பதிவாகிற ஃபைல்) எப்பிடிக் கிடக்கும் தெரியுமா? எலிமென்ட் நம்பர்ர பட்டியலாக் கிடக்கும். நாளைக்கு மெஷ்ஷ (எலிமென்ட் எல்லாம் சேந்த வலைய) நுணுக்கமாக்கினா அதே நம்பர் தாங்கிட கூரையில போய் நிக்கும். அந்த ஃபைல திரும்ப ஓட்டினீங்க எண்டா கூரைட வலுவக் கொறச்சிட்டு கசிவு ஏன் மாறல்ல எண்டு யோசிச்சிட்டு இரிப்பீங்க. ஆரையும் உசரமும் மெஷ் மாறினாலும் மாறாது.

களுதாவளைப் புள்ள:
ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு விசயம். ஈஎஸ்எல்என்னுக்கு கடைசியில 0 போட்டா ஒரு நோட் தெரிவாகி இருந்தாலே அந்த எலிமென்ட் வரும், 1 போட்டா எல்லா நோட்டும் தெரிவாகி இருந்தாத்தான் வரும். மூலைக் கோட்டு நோட்ட மட்டும் வெச்சிட்டு 1 போட்டா ஒண்டுமே வராது, ஏனெண்டா எட்டு நோட் உள்ள சொலிட்டுல ரெண்டுதான் அந்தக் கோட்டுல இரிக்கும். சாப் 2000ல (இதே மாதிரி இன்னொரு சொஃப்ட்வெயார்) இடமிருந்து வலம் பெட்டி இழுத்தா முழுசா உள்ள உள்ளது மட்டும், வலமிருந்து இடம் இழுத்தா தொட்டதெல்லாம். அதே கதைதான், அங்க கை செய்யிறத இஞ்ச ஒரு இலக்கம் செய்யிது. கட்டளையில போனா பிழை வராது எண்டு யாரும் நினைக்கத் தேவல்ல.

பிறகு தம்பி, வேலை முடிஞ்சதும் ஆல்செல் (எல்லாத்தையும் திரும்பத் தெரிவு செய்யிற கட்டளை) அடிக்க மறக்காதீங்க. தெரிவாகாத எலிமென்ட்ட அது சொல்வ்ல (கணக்குப் போடுறதுல) சேக்காது, தாங்கி இல்லாம வெறும் வளையத்த வெச்சிக்கிட்டு முழிப்பீங்க.

வாவிக்கரை:
தங்கச்சி சொல்றது சரி. நானாட்ட இன்னொண்டு கேக்கன். வெளியில இருந்து வெறும் மெஷ் மட்டும் வருது, வடிவமும் இல்ல குரூப்பும் இல்ல, எல்லாம் ஒரே மெட்டீரியல் நம்பர். நம்ம கல்லடிப் பழைய இரும்புப் பாலம் மாதிரி ஒண்டெண்டு வைங்க, ஒவ்வொரு கம்பும் ஒவ்வொரு சாய்வுல, மூட்டுத் தகடு ஒண்டுக்கு மேல ஒண்டு. அங்க எந்த ஆரைய அடிக்கிற? தகட்டோரத்துல அதே நோட்டுல பீமும் கிடக்கும். சாப்ல எண்டா கன்ட்ரோல அமத்திக்கிட்டு கிளிக் பண்ணினா அந்த இடத்துல உள்ளதெல்லாம் பட்டியலா வரும், அபாகஸ் சொஃப்ட்வெயார்ல எண்டா அடுத்தது அடுத்தது எண்டு மாத்தி மாத்திக் காட்டும். கண்ணும் கையும் இல்லாம ஏலா.

ஒலுவில் நானா:
அப்பிடி வந்த மெஷ்ஷுக்கு மவுஸ்தான், அதுல நான் சண்டைக்கு வரல்ல. புடிச்ச கையோட பேர் வெச்சு கொம்போனன்ட்டாச் சேமிங்க எண்டுதான் செல்றன். தம்பி மெஷ் அவரே போட்டது, அவருக்கு என்னத்துக்கு இந்தப் பாடு?

கல்லடிக்காரன்:
நானா சொன்ன மாதிரி அடிச்சன், வந்திச்சு. சுத்துக்கு 120 பிரிவு போட்டிரிக்கன், ஆனா எண்ணிப் பாத்தா 131. படமாப் போட்டுப் பாத்தாத்தான் தெரியுது, வெளிக்குழாய் போற ஓட்டைக்குப் பக்கத்துல மெஷ் தாறுமாறு, அந்த மூலையில சின்னச் சின்னதா கனக்க எலிமென்ட் தொட்டுக்கிட்டு நிக்கிது. அந்த இடத்த மட்டும் பெருசாக்கி, தேவையில்லாதத மவுசால கிளிக் பண்ணி எடுத்துட்டன்.

வாவிக்கரை:
பாத்தீங்களா நானா 😄

ஒலுவில் நானா:
பாத்தன். தம்பி, நாளைக்கு அந்த ஓட்டையடி மெஷ்ஷ மாத்தினா எத எத எடுக்கணும் எண்டு எங்கயாவது எழுதி வெச்சிரிக்கீங்களா? இல்லாட்டி மெஷ் போட முந்தி ஓட்டையச் சுத்தி வொலியூம வெட்டி ஒழுங்கா அறுமுக எலிமென்ட் போடப் பாருங்க, அப்ப 120 எண்டா 120தான் வரும்.

கல்லடிக்காரன்:
வெட்டிப் பாக்கன். ரெண்டாப் பிரிச்சா சரியா, நாலாப் பிரிக்கணுமா?